சாயிரா பானு கையெழுத்துப் போடாத புரோகிராம்

சாயிரா பானுவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும் என்று காஞ்சிபுரத்தில் சொல்பவர்கள் உண்டு. சொல்லட்டும். அந்தக் கோபம் எதனால் வந்தது என்று அவர்களில் ஒருவராவது கேட்டிருப்பார்களா? தகரப் பெட்டி செய்து விற்கும் அஹமது பாஷாவின் மனைவி, கணிதத்தில் எம்.ஏ., காலையில் தாம்பரம் பஸ் பிடித்து வேலைக்குப் போகிறவள் என்பதுவரை ஊருக்குத் தெரியும். என்ன வேலை என்றால், ஏதோ கம்ப்யூட்டராம் என்று கையை விரிப்பார்கள். எழுபதுகளின் நடுவில் அந்தச் சொல்லைச் சொன்னதே பெரிது என்று அவளும் விட்டுவிடுவாள்.

அவள் வேலை, மற்றவர்கள் எழுதிய புரோகிராமைப் படித்துத் தப்புக் கண்டுபிடிப்பது. அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு பெரிய கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதற்காகப் பழைய கம்ப்யூட்டருக்கென்று வருஷக்கணக்காக எழுதி வைத்ததையெல்லாம் குப்பையில் கொட்ட முடியுமா? அதனால் புதியதற்குள்ளேயே பழையதைப் போல நடிக்கிற ஒன்றைச் செய்தார்கள். இரும்பு இல்லை, கம்பி இல்லை, வெறும் கட்டளைகளால் ஆன கம்ப்யூட்டர். கணக்குப் போடும்போது எண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளச் சின்னச் சின்ன அறைகள் உண்டு; ரிஜிஸ்டர் என்பார்கள். பழையதில் அந்த அறைகள் எப்படி நடந்துகொண்டனவோ, அதன் கோணல்மாணல்களோடு அப்படியே இங்கேயும் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய புரோகிராம்கள் தடுக்கி விழும். அந்தப் பகுதியை எழுதியவர் ராஜகோபால். படித்துவிட்டு முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டியவள் சாயிரா. கையெழுத்துப் போட்டுவிட்டால் பின்னால் வரும் தப்புக்கு எழுதியவரோடு படித்தவரும் பொறுப்பு என்பது அங்கே வழக்கம்.

ராஜகோபால் சின்ன காஞ்சிபுரத்துக்காரர். வீட்டில் இரண்டு தறி. அவரும் அதே பஸ்ஸில்தான் வருவார். கெட்டிக்காரர், தங்கமான மனுஷன், ஆனால் யாராவது அதட்டினால் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொள்கிறவர். ஒரு நாள் பஸ் ஐயம்பேட்டையைத் தாண்டுவதற்குள் சாயிரா அவர் எழுதியதை மடியில் விரித்து ஒரு வரியில் விரலை வைத்தாள். ரிஜிஸ்டருக்கு இரண்டு பாதி. வலப் பாதியில் ஓர் எண்ணைப் போடச் சொன்னால் பழைய கம்ப்யூட்டர் இடப் பாதியைத் தொடாது. அதில் முன்பு இருந்தது அப்படியே இருக்கும். ராஜகோபாலோ முதலில் அறை முழுவதையும் அழித்துவிட்டு அப்புறம் வலப் பாதியில் எண்ணைப் போட்டிருந்தார். எதற்கு அழித்தீர்கள் என்று கேட்டாள்.

"என்னாம்மா கேக்கற? ஒருத்தர் சாப்ட்டு எழுந்த எடத்த மெழுகாம அடுத்தவருக்கு எலை போடுவாங்களா?" என்றார் ராஜகோபால்.

பாருங்கள் நியாயத்தை! வீட்டுப் பழக்கம் விரல் நுனி வழியாகப் புரோகிராமுக்குள் இறங்கிவிட்டது.

"பந்தியில பாதிப் பேர் இன்னும் சாப்ட்டுக்கினு இருக்காங்கண்ணே. அவங்க எலையையும் சேத்து இல்ல எடுத்துட்டீங்க" என்றாள் சாயிரா.

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, இடப் பாதியை நம்பி எவன் எழுதியிருக்கப் போகிறான் என்றார். எழுதியிருக்கிறான் என்று அவள் ஏரிகளில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று கணக்குப் போடும் பழைய புரோகிராமையே எடுத்துக் காட்டினாள். அதில் பெரிய எண்களின் தலைப்பகுதி இடப் பாதியில்தான் உட்கார்ந்திருக்கும். பார்க்கலாம் என்றார் அவர். பார்க்கவில்லை.

சாயிரா நேரே மேலதிகாரி குமாரசாமியிடம் போனாள். அவர் காது கொடுத்தாரா என்றால், கொடுத்தார்; ஒரு காதை. வெளியூரிலிருந்து பெரிய மனிதர்கள் பார்க்க வருகிறார்கள், நாள் குறித்தாகிவிட்டது, இப்போது போய் நொட்டை சொல்கிறாயே என்றார். சரிசெய்யாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். நீ என்ன போடுவது, நானே போடுகிறேன் என்று அவரே போட்டார்.

பெரிய மனிதர்கள் வந்தார்கள். ஏரிக் கணக்கு ஓடியது. மழையில் கரை தளும்பி நின்ற ஏரிகளெல்லாம் காகிதத்தில் காய்ந்து கிடந்தன. வந்தவர்களில் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். குமாரசாமிக்கு முகம் செத்துவிட்டது. அவர் என்ன செய்திருக்க வேண்டும்? தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டாம், குறைந்தது வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். சாயிராவைக் கைகாட்டி, இந்தம்மாதான் படித்தது, கவனக்குறைவு என்றார். அத்தனை பேர் நடுவில்! முதல் பக்கத்தில் இருப்பது யார் கையெழுத்து என்று ஒருவரும் புரட்டிப் பார்க்கவில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். நான் முன்பே சொன்னேன் என்றாள் சாயிரா. யாரிடம் சொன்னாய் என்று குமாரசாமி கூசாமல் கேட்டார். அவள் ராஜகோபாலைப் பார்த்தாள். ராஜகோபால் மின்விசிறியைப் பார்த்தார்.

"ஏதோ சொன்னாங்க சார். சரியா ஞாபகம் இல்ல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைச் சாயிரா கேள்விப்பட்டிருக்கிறாள். கண்ணெதிரே பார்த்தது அன்றைக்குத்தான். இனி அவள் புரோகிராம் படிக்க வேண்டாம், புரோகிராமை வரிவரியாகத் துளைபோட்டு வைக்கும் கார்டுகளை அடுக்கும் இடத்துக்குப் போகட்டும் என்று மாலைக்குள் சொல்லிவிட்டார்கள். பிறர் எழுதியதைப் படித்து, அது தடுக்கி விழப்போகும் இடத்தை முன்கூட்டியே காண்பதைப் போல வேறெதுவும் அவளுக்குப் பிடித்ததில்லை. அதைப் பிடுங்கிவிட்டார்கள், செய்யாத தப்புக்காக.

திரும்பும் பஸ்ஸில் ராஜகோபால் முன் இருக்கையில் போய் ஒளிந்துகொண்டார். சின்ன காஞ்சிபுரத்தில் அவர் இறங்கியபோது சாயிராவும் இறங்கினாள். ஒரு வார்த்தை பேசாமல் அவர் பின்னாலேயே நடந்து வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. ராஜகோபாலின் மனைவி லோகாம்பாள் ஓடிவந்து உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள். ஆபீசில் ஒரு தப்பு வந்துவிட்டது என்று மட்டும்தான் சாயிரா சொன்னாள்.

"எது, அந்த பந்தி கதையாக்கா? பாதிப் பேர் சாப்ட்டுக்கினு இருக்கும்போதே எலைய எடுத்துட்டாருன்னு நீங்க சொன்னீங்களாமே. அன்னிக்கு ராத்திரி பூரா அதையே சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு" என்றாள் லோகாம்பாள், வெள்ளந்தியாக.

ராஜகோபாலுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"ஞாபகம் நல்லாத்தான் இருக்குது, இல்லண்ணே?" என்றாள் சாயிரா. அழுதால் இவர் பிழைத்துப் போய்விடுவார் என்று மோரைக் குடித்து அழுகையை அடக்கினாள். விஷயத்தைக் கேட்டு முடித்ததும் லோகாம்பாள் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். நாளைக்கு நீ சொல்லாவிட்டால் நானே பஸ் ஏறி வந்து சொல்வேன் என்றாள். அவள் செய்யக்கூடியவள்தான் என்பது அவருக்குத் தெரியும்.

மறுநாள் ராஜகோபால் குமாரசாமியின் அறைக்குள் போய், வேர்த்து விறுவிறுத்து, உள்ளதைச் சொன்னார். சாயிரா பக்கத்திலேயே நின்றாள். குமாரசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியும்பா. எங்கிட்டயும் சொல்லிச்சு. ஆனா அந்த நேரத்துல யாரயாவது காட்டணுமில்ல?"

அடப் பாவி மனுஷா! மறந்துவிட்டது என்றாலாவது மன்னிக்கலாம். தெரிந்தே செய்துவிட்டு, டீ ஆறிப்போச்சு என்பது போலச் சொல்கிறார். அதோடு விட்டாரா? திருத்திய புரோகிராமை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். இந்த முறை படித்தவர் கையெழுத்து இல்லாமல் செல்லாது என்று மேலிடத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்களாம். பழையதை மனதில் வைத்துக்கொள்ளாமல் போட்டுவிடு, உன் வேலை உனக்கே என்றார்.

சாயிரா உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள். இடப் பாதி இப்போது அழியவில்லை. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பேனாவை எடுத்தாள், மூடியைத் திறக்கவில்லை. புரோகிராமுக்கு நடுவே, கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும்படி, படிப்பவர்களுக்காகக் குறிப்பு எழுதும் கார்டு ஒன்று உண்டு. எத்தனை முறை அச்சடித்தாலும் அதுவும் சேர்ந்தே அச்சாகும். அப்படி ஒரு கார்டை அந்த வரிக்குமேல் வைக்க வேண்டும், ராஜகோபாலே தன் கையால் அடிக்க வேண்டும் என்றாள். என்ன அடிப்பது என்று அவர் கேட்டார். அவள் சொல்லச் சொல்ல அவர் கார்டு துளைக்கும் மெஷினில் உட்கார்ந்து இங்கிலீஷில் அடித்தார்: இடப் பாதியை அழிக்கக் கூடாது என்று சாயிரா பானு முதலிலேயே சொன்னார், ராஜகோபால் கேட்கவில்லை.

"ஆச்சில்ல? போடும்மா" என்றார் குமாரசாமி.

"இன்னொரு கார்டு இருக்குது சார்."

"இன்னும் என்ன?"

"உங்ககிட்டயும் சொன்னேன். நீங்களும் கேக்கல."

குமாரசாமி என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ராஜகோபால் புதுக் கார்டை மெஷினில் செருகிவிட்டார். குமாரசாமியின் பெயர் கடைசி எழுத்து வரைக்கும் துளையாகி வெளியே வரும்வரை சாயிரா பேனா மூடியைத் திறக்கவில்லை.