நல்ல காய்க்கு அறுந்த இணைப்பு

போடியில் தனியார் ஏலக்காய் ஏலக்கூடம் ஒன்றில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு முன் நாளிதழ் ஒன்றில் பிழை திருத்தினேன். இங்கே வியாபாரிகள் விலை கேட்க மேசைகளில் இருப்பவை திரையும் விசைப்பலகையும் மட்டும் கொண்ட பழைய முனையங்கள். அவை தகவல் அனுப்பும் நெறிமுறை மதுரையில் இருக்கும் புதிய சர்வருக்குப் புரியாது. நடுவில் ஒரு ரூட்டர் இரண்டுக்கும் மொழிபெயர்க்கிறது. முனையங்களை மாற்றுவதைவிட இது மலிவு என்று நிர்வாகம் முடிவு செய்தது.

ரூட்டரை அமைத்தவர் ஏலம் நடப்பதை ஒருநாளும் பார்த்ததில்லை. மூன்று நிமிடம் விசையைத் தொடாத முனையத்தின் இணைப்பை அறுத்துவிடும்படி வைத்துவிட்டுப் போனார். அறுந்த பிறகும் திரையில் பழைய படம் அப்படியே நிற்கும்.

சாம்பிள் தட்டு வந்துவிட்டால் எங்கள் கூடத்தில் எவரும் விசைப்பலகையைத் தொடுவதில்லை. காயை உடைப்பார்கள், மோந்து பார்ப்பார்கள், மெல்லுவார்கள். மட்டமான காய் என்றால் தட்டு உடனே நகர்ந்துவிடும். நல்ல காயைத்தான் நெடுநேரம் பார்ப்பார்கள். ஆகவே நல்ல காய்க்குத்தான் இணைப்பு அறும். அந்த நேரத்தைக் கூட்ட அனுமதி கேட்டு நிர்வாகத்துக்கு இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை.

போன வாரம், போடிமெட்டுக்கு மேலே சிறு தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெண்ணின் மூன்று மூட்டை ஏலத்துக்கு வந்தது. பச்சை மாறாத பருங்காய். தட்டு மெதுவாகச் சுற்றியது. ஏலம் திறந்ததும் எல்லோரும் விசையை அழுத்தினார்கள். ஒருவருடையதைத் தவிர எதுவும் போய்ச் சேரவில்லை. அவருக்குச் சளி. ருசி தெரியாததால் காயைத் தொடாமல் விசையைச் சும்மா தட்டிக்கொண்டிருந்தார். அவர் இணைப்பு பிழைத்தது. ஆரம்ப விலைக்கே காய் அவருக்கு விழுந்தது.

“மாப்ளே, அமுக்குறேன் அமுக்குறேன், ஏறவே இல்லயே!” என்று ஒரு வியாபாரி என்னிடம் கத்தினார்.

“மூக்கடச்சவருக்குத்தான்யா காயி மணக்குது,” என்றார் பக்கத்து மேசைக்காரர்.

அந்தப் பெண் மேலாளரிடம் போனார். “தம்பி, மறுபடி ஏலம் விடுங்க. இந்தப் பறிப்புல தேறுனதே இந்த மூணு மூட்டதான்.”

“கம்ப்யூட்டர்ல விழுந்தா விழுந்ததுதான்க்கா. பிடிக்கலன்னா தூக்கிட்டுப் போங்க.”

எந்தெந்த முனையம் எப்போது அறுந்தது என்ற ரூட்டர் பதிவை அச்செடுத்து மேலாளர் முன்னால் வைத்தேன். படிக்காமலே கவிழ்த்து வைத்தார். “நீ உன் சோலியப் பாரு.”

அந்தப் பெண் விலைக்கு ஒப்பவில்லை. மூட்டைகள் ஜீப்புக்குத் திரும்பின. ‘விவசாயிக்கு விலையில் சம்மதமில்லை’ என்று மேலாளர் காரணம் எழுதினார். எழுத்துப்பிழை இல்லை. உண்மைக் காரணமும் இல்லை.

ஜீப்பு கிளம்பிய பிறகு, யாரையும் கேட்காமல், ரூட்டரில் மூன்று நிமிடத்தை முப்பதாக மாற்றினேன். ஒரே ஒரு வரி. அதைத் தட்டத்தான் அத்தனை நாளும் அனுமதிக்குக் காத்திருந்தேன்.