வழிமொழிய ஆளில்லாத கூட்டம்

லார்க்ஸ்பர் தெரு சிவிக் லீக்கில் லூயெல்லா பாய்கினுக்குப் பதவி, விருந்துக் கமிட்டித் தலைவி. அந்தக் கமிட்டியில் அவளைத் தவிர வேறு ஆள் கிடையாது. உருளைக்கிழங்கு சாலட் கிளறுவது, காபி போடுவது, கடைசியில் நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் சாத்துவது எல்லாம் தலைவியேதான் செய்ய வேண்டும்.

லீக் என்றால் பெரிய விஷயமில்லை. தெருக்காரர்கள் மாதம் ஒருமுறை சர்ச் கூடத்தில் கூடி, நகராட்சியின் பெரிய தலை எதையாவது வரவழைத்து, “எங்க குறை என்னாச்சு?” என்று கேட்பார்கள். தலை வரும், சிரிக்கும், “கவனிக்கிறேன்” என்று சொல்லும், தேங்காய் கேக்கை வெட்டுவதற்குள் அடுத்த நிகழ்ச்சிக்கு ஓடிவிடும். கூட்டம் முறைப்படி முடிந்த பிறகுதான் கேக் வெட்டுவது அங்கே வழக்கம். ஆகவே இத்தனை வருஷத்தில் லூயெல்லாவின் கேக்கை ருசித்த தலைவர் ஒருவரும் இல்லை.

அதற்காக அவள் வருத்தப்பட்டதும் கிடையாது. மிஞ்சினால் வீட்டுக்கு ஆயிற்று. வெண்டெலின் சிறுநீரகங்கள் படுத்த பிறகுதான் அவளுக்கு அரசியலில் அக்கறை வந்தது.

வெண்டெல் அவள் புருஷன். கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் எடுக்க வேண்டும். முன்பெல்லாம் ஆஸ்பத்திரி வேன் வாசலுக்கே வரும். பௌர்ணமி சமயத்தில் கடல் ஏறும்போது தெருவில் தண்ணீர் முழங்கால் வரை நிற்கும். இரண்டு தடவை தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன வேன்காரர்கள், அப்புறம் இந்தத் தெருவையே மறந்துவிட்டார்கள். அந்த இரண்டாம் தடவை வெண்டெலுக்குக் கால் வீங்கி, மூச்சு முட்டி, சைரன் வைத்த வண்டியில்தான் போக நேர்ந்தது. அன்றிலிருந்து லூயெல்லாதான் காரோட்டி. அடுத்த பெரிய ஏற்றத்தில் கார் தெருவைத் தாண்டாவிட்டால் என்ன ஆகும் என்று அவள் நினைக்காத இரவில்லை.

மழையும் இல்லாமல் தெருவுக்குள் தண்ணீர் எப்படி வருகிறது என்பது ஊருக்கே தெரியும். மழைத் தண்ணீர் போகப் போட்ட குழாய் லார்க்ஸ்பர் தெருவில் தொடங்கி, பக்கத்து உப்பங்கழிக்கு அடியில் புகுந்து, எதிர்க்கரையில் வாயைத் திறக்கிறது. கடல் ஏறினால் அந்த வாய் வழியாகவே தண்ணீர் பின்னால் வந்து தெருச் சாக்கடையில் பொங்கும். வாயில் ஒரு பக்கமாக மட்டும் திறக்கிற இரும்பு மூடி ஒன்று போட்டால் தீர்ந்தது. ஆனால் இந்தக் கரை கிரெஸ்வெல் நகரம், அந்தக் கரை டன்மூர் நகரம். “வாய் அவங்களோடது” என்பார் கிரெஸ்வெல் கவுன்சிலர் மார்கரெட் கிராண்டல். “வயிறு அவங்களோடது” என்பார் டன்மூர் மேயர் டக் ஹோல்காம். ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இங்கே கூத்தாடியின் வேஷத்தைக் கடல் போட்டுக்கொண்டது.

அந்த இரண்டு பேரையும் ஒரே கூரையின் கீழே யாரும் உட்கார வைத்ததில்லை. லீக் தன் ஊர்த் தலையைத்தான் கூப்பிடும், அது வழக்கம். ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த லூயெல்லா ஈரக் கையோடு போனை எடுத்து, டன்மூர் லீக்கின் விருந்துக் கமிட்டித் தலைவி நெட்டி ஸ்பைவியைக் கூப்பிட்டாள். சாலட்டில் கடுகு போடலாமா கூடாதா என்ற சண்டையில் பல வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

“நெட்டி, நான்தான்.”

“யாரு செத்துட்டா?”

“யாரும் சாகல. சாகறதுக்கு முன்னாடி ஒரு காரியம் செய்யணும். உங்க லீக்கும் எங்க லீக்கும் சேர்ந்து ஒரு விருந்து போடலாமா? உன் மேயரை நீ இழுத்துட்டு வா, எங்க கவுன்சிலரம்மாவை நான் இழுத்துட்டு வரேன்.”

“சாலட் யாரு பண்றது?”

லூயெல்லா கண்ணை மூடிக்கொண்டாள். “நீயே பண்ணு. கடுகு போட்டே பண்ணு.”

“அடியே, உண்மையிலேயே ஏதோ பெரிய விஷயம்தான் போல” என்றாள் நெட்டி.

லீக் தலைவர் ஹார்லன் டில்லர்ட் கடற்படையில் இருந்தவர். மரச்சுத்தியைத் தட்டாமல் தும்மக்கூட மாட்டார். அவரைச் சரிக்கட்டுவதுதான் பெரும்பாடாக இருந்தது.

“கூட்டம் ரெண்டாவது செவ்வாய்க்கிழமைதான், மிஸ் லூயெல்லா. விதி அப்படி.”

“ரெண்டாவது செவ்வாய் சமையல்கட்டுல எலிக்கு மருந்து வைக்கிறாங்க. நாலாவது செவ்வாய் வைச்சுக்குங்க.”

“விதியில எலியைப் பத்தி ஒண்ணும் இல்லையே.”

“எலிக்கு அது தெரியாதே, ஹார்லன். கோழிக்குத் துணையா அதுவும் தட்டுல வந்துச்சுன்னா என்னைக் கேக்காதீங்க.”

தேதி மாறியது. அந்த நாலாவது செவ்வாய்தான் அக்டோபர் மாதத்தின் மிகப் பெரிய கடல் ஏற்றம். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, வெண்டெலைத் தவிர.

“லூ, மேயரோட காரை நீ முக்கப் போறியா?” என்றான் அவன், கட்டிலில் படுத்தபடி.

“முக்கல. சக்கரம் மட்டும் நனையும். பயந்து போய் கூடத்துலயே உட்கார்ந்திருப்பாரு. அது போதும் எனக்கு.”

“கடலுக்கு அதெல்லாம் சொல்லி வெச்சிருக்கியா?”

“நீ தூங்கு.”

அந்தச் செவ்வாய் மத்தியானம் தெருக்காரர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கார்களை மேட்டிலுள்ள சூப்பர் மார்க்கெட் வாசலில் விட்டுவிட்டு நடந்து வந்தார்கள். ஏற்ற நாளில் அங்கே குழந்தைகூட அதைத்தான் செய்யும். சர்ச்சுக்கு நேரெதிரே, தெருவின் மிகப் பள்ளமான இடத்தில், லூயெல்லா ஓர் ஆரஞ்சு நிறக் கூம்பை வைத்து, “சிறப்பு விருந்தினருக்கு மட்டும்” என்று அட்டை எழுதி ஒட்டினாள். மேயர் வந்தார். கூம்பை நகர்த்தி ஓரமாக வைத்தார், காரை நிறுத்தினார், “என்ன மரியாதை!” என்று மனைவிக்குப் போன் போட்டார். கவுன்சிலரம்மா பக்கத்திலேயே நிறுத்தினார்.

எல்லாம் சரியாகத்தான் போனது, காற்றைத் தவிர. காலையிலிருந்து மேற்குக் காற்று. மேற்கே இருந்து அடித்தால் அது தண்ணீரைக் கடலுக்கே தள்ளிக்கொண்டு போய்விடும். கூட்டம் தொடங்கி, வெயில் மங்கியும், தெரு காய்ந்த அப்பளம் மாதிரிக் கிடந்தது. லூயெல்லா சமையல்கட்டு ஜன்னலையும் கூடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே தலைவர்கள் இருவரும் சிரித்துக்கொண்டே ஒருவரை ஒருவர் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

“வட்டாரப் பிரச்சினையை வட்டாரமா சேர்ந்துதான் தீர்க்கணும்” என்றார் கவுன்சிலரம்மா.

“முழுக்க ஒத்துக்கறேன். முதல்ல நீங்க ஆரம்பிங்க” என்றார் மேயர்.

அரைமணி நேரத்துக்குள் மேயர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். அங்கே தலைவர்கள் கடிகாரத்தைப் பார்த்தால் ஹார்லன் கூட்டத்தை முடிப்பது வழக்கம். முடிக்கவும் முறை உண்டு. ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். முன்மொழிகிறவர் எப்போதும் டெல்மர் காக்ஸ்தான். முதல் வரிசையில் உட்கார்ந்து கூட்டம் முழுக்கத் தூங்குவார், சுத்தி தட்டினால் விழிப்பார்.

சுத்தி தட்டியது. டெல்மர் விழித்தார். “கூட்டத்தை முடிக்க முன்மொழியறேன்.”

“வழிமொழிபவர்?” என்றார் ஹார்லன்.

லூயெல்லா கேக் வெட்டும் கத்தியைக் கையில் பிடித்தபடி சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள். கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். வாயைத் திறக்கப் போன இரண்டு பேர் அப்படியே கொட்டாவி விட்டார்கள்.

“வழிமொழிபவர்?”

யாரோ இருமினார்கள்.

“யாராவது ஒருத்தர்… சும்மா கையைத் தூக்கினாக்கூடப் போதும்…” ஹார்லனின் நெற்றி வியர்த்தது. கடற்படையில் புயலைப் பார்த்தவர், இதைப் பார்த்ததில்லை. “விதிப்படி கூட்டம் இன்னும் முடியல. நான் என்ன பண்ண முடியும்?”

“அப்ப கூட்டம் நடக்கட்டும்” என்றாள் நெட்டி, தட்டைத் தூக்கிக்கொண்டு. “மேயர் சார், சாலட் இன்னும் கொஞ்சம்?”

நடந்தது. குழாயைப் பற்றித் தெருவே பேசியது. ஆளுக்கு இரண்டு நிமிஷம். முடிந்ததும் மறுபடியும் சுத்தி, மறுபடியும் டெல்மர், மறுபடியும் வழிமொழிய ஆளில்லை. மூன்றாம் தடவை மேயர் எழுந்தே விட்டார்.

“நான் இந்த லீக்லயே இல்லையேப்பா! எனக்கு எதுக்கு முன்மொழியறதும் வழிமொழியறதும்? நான் கிளம்பறேன்.”

விறுவிறு என்று போய்க் கதவைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார்.

காற்று எப்போதோ திரும்பியிருந்தது. வடகிழக்கிலிருந்து. அது பகல் முழுக்கத் தடுத்து வைத்த தண்ணீரை வட்டியோடு கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தது. சர்ச்சின் கடைசிப் படி தெரியவில்லை. ஆரஞ்சுக் கூம்பு மிதந்து போய்க்கொண்டிருந்தது. மேயரின் காருக்குள் விளக்கு தானாக எரிந்து, தானாக அணைந்தது.

“என் கார்!” என்றார் மேயர்.

“என் கார்!” என்றார் கவுன்சிலரம்மா.

“ஐயோ, என் கார்!” என்றாள் லூயெல்லா.

கோழியும் கேக்கும் காபிப் பானையும் ஏற்றிக்கொண்டு வந்தவள், இறக்கின அவசரத்தில் காரைச் சர்ச் பக்கவாட்டுப் பள்ளத்திலேயே விட்டுவிட்டாள். கண்ணாடி ஜன்னல் வரை தண்ணீர். தெருவுக்கே புத்தி சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்தாயிற்று.

நெட்டி அவள் காதருகே வந்து, “வெண்டெலுக்கு எப்போ?” என்று மட்டும் கேட்டாள்.

“நாளைக்குக் காலைல.”

லூயெல்லா கத்தியோடு நேரே கூடத்து நடுவுக்கு வந்தாள். லீக் கூட்டத்தில் அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

“உட்காருங்க ரெண்டு பேரும். வாய் யாரோடது, வயிறு யாரோடதுன்னு வருஷக்கணக்கா கேட்டாச்சு. என் புருஷனுக்கு நாளைக்குக் காலைல ரத்தம் சுத்தம் பண்ணணும். பண்ணலேன்னா மூச்சு முட்டும். வேன் இந்தத் தெருவுக்கு வர்றதில்ல. நான் ஓட்டற கார் அதோ மீன் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அது என் முட்டாள்தனம், அதை விடுங்க. ஆனா தண்ணி என்னோடது இல்ல. அந்த மூடியை யாரு வாங்கறது, யாரு மாட்டறது? சொல்லிட்டுத்தான் கேக்.”

“மிஸ் லூயெல்லா, ரெண்டு நிமிஷம் ஆயிருச்சு…” என்றார் ஹார்லன்.

“அந்தச் சுத்தியைத் தூக்கி உள்ள வைங்க, ஹார்லன்.”

போக வழியில்லாத இரண்டு தலைகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்தன. காரைப் பார்க்கப் படியிறங்கி நனைந்த காலணிகளைக் கழற்றிய பிறகு இருவரின் குரலும் மாறிவிட்டது. மனிதனுக்குக் காலுறை நனைந்தால் கௌரவம் நனைந்த மாதிரிதான். மூடியைக் கிரெஸ்வெல் வாங்கும், டன்மூர் மாட்டும், இரண்டு பேரும் அவரவர் மன்றத்தில் அதைக் கொண்டுபோய் ஒப்புதல் வாங்குவார்கள் என்று முடிவாயிற்று. டெல்மர் விழித்தே இருந்தார். அவர் முன்மொழிந்தார். வழிமொழிய ஒரே நேரத்தில் கூடமே கத்தியதில் ஜன்னல் அதிர்ந்தது.

அப்புறம்தான் லூயெல்லா கூட்டத்தை முடிக்க வழிமொழிந்தாள். கேக் வெட்டினாள். மேயர் மூன்று துண்டு சாப்பிட்டார்.

தண்ணீர் வடிந்த பிறகு மேயரின் தம்பி பண்ணை லாரியைக் கொண்டுவந்தான், ஆளுயரச் சக்கரத்தோடு. ஏறப் போன மேயர் நின்றார். “காலைல எத்தனை மணிக்கு உங்க வீட்டுக்காரர் கிளம்பணும்?” என்றார்.

அடுத்த ஏற்றம் விழிப்பதற்கு முன்னால், இருட்டு பிரியும் நேரத்துக்கே மேயர் ஓட்டிவந்த லாரி வாசலில் நின்றது. வெண்டெல் முன்சீட்டில், லூயெல்லா பின்சீட்டில்.

“அந்தக் கூம்பை யாருங்க அங்க வெச்சது?” என்று கேட்டார் மேயர், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

“அதுக்குன்னு எங்க லீக்ல ஒரு கமிட்டி இருக்கு சார்” என்றான் வெண்டெல்.

“கமிட்டியில எத்தனை பேர்?”

“ஒருத்தர்தான். ஆனா ரொம்பக் கறாரான ஆளு.”

பின்சீட்டில் லூயெல்லா ஜன்னல் வழியாக ஏதோ கொக்கைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்சூரன்ஸ்காரர்கள் காருக்கு வழி செய்யும் வரை மேயரும் கவுன்சிலரம்மாவும் முறை வைத்து வெண்டெலைக் கூட்டிப்போனார்கள். கவுன்சிலரம்மா ஓட்டுவதற்கு டயாலிசிஸே தேவலை என்பது வெண்டெலின் கட்சி. வசந்தத்தில் மூடி வந்தது. மாட்டும்போது எந்தப் பக்கம் பார்த்து மாட்டுவது என்று இரண்டு ஊர் ஆட்களும் ஒரு வாரம் சண்டை போட்டார்கள். இப்போதும் அது கிறீச் என்று கத்துகிறது. ஆனால் அதற்குப் பிறகு வந்த பெரிய ஏற்றத்தில் தண்ணீர் சாக்கடையோடு நின்றுவிட்டது, வேனும் திரும்ப வரத் தொடங்கியது. தெருக்காரர்கள் மட்டும் இன்னமும் காரை மேட்டில்தான் விடுகிறார்கள். இரண்டு நகராட்சிகள் சேர்ந்து செய்த கதவை எவன் நம்புவான்?

அடுத்த கூட்டு விருந்துக்கு மேயர் நடந்தே வந்தார். காரை சூப்பர் மார்க்கெட் வாசலில் விட்டிருந்தார். கக்கத்தில் சேறு படிந்த ஆரஞ்சுக் கூம்பு.

“எங்க கரையில ஒதுங்கிக் கிடந்துச்சு. உங்க கமிட்டியோடதா பாருங்க, மிஸ் லூயெல்லா.”

லூயெல்லா கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினாள்.

“எங்க போச்சுன்னு எவ்வளவு நாளா தேடறேன் தெரியுமா!” என்றாள். “உள்ள வாங்க. இன்னிக்கு சாலட்ல கடுகு இல்ல.”