மாராயியின் முப்பத்தெட்டுக் கட்டுக் கீரை

சென்ற கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை நான் ஆட்டையாம்பட்டிப் பக்கம் போனதற்குக் காரணம் ஒரு பட்டிமன்றம். சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு, ‘காட்டில் பொறுக்கித் தின்ற மனிதன் உழவுக்கு மாறியது லாபமா, நட்டமா?’ என்று தலைப்பு வைத்திருந்தார்கள். எனக்கு வாய்த்தது நட்டம் அணி. பள்ளியில் வரலாறு நடத்துகிறவன் என்பதால் வாதங்களுக்குப் பஞ்சமில்லை. உழவு வந்த பிறகுதான் முதுகை ஒடிக்கும் வேலை வந்தது, ஒரே தானியத்தை நம்பிப் பட்டினி கிடக்க நேர்ந்தது, நிலம் உள்ளவன் இல்லாதவன் என்ற பிரிவு வந்தது. இதெல்லாம் மனப்பாடம். ஆனால் விதைக்காமல், உரம் போடாமல், தானாக முளைத்ததைப் பறித்தே பிழைக்கிற ஒருவரை நேரில் பார்த்துவிட்டுப் பேசினால் கைதட்டல் கூடும் என்று தோன்றியது.

உடன் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் மாராயியைப் பற்றிச் சொன்னார். நாற்பத்தைந்து வயதுப் பெண். விடியுமுன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமுட்டி என்று தானாக முளைத்ததையெல்லாம் பறித்துக் கட்டுகட்டி, செவ்வாய்ப்பேட்டையில் விற்கிறவர். கந்தசாமி என்பவரின் தோட்டத்தில் ஏழு மணி வரை இருப்பார் என்று தகவல்.

காலை 5.40க்கு ஸ்கூட்டரில் கிளம்பினேன். ஆட்டையாம்பட்டிக்கு என் மீட்டரில் 22 கிலோமீட்டர். 6.25க்குப் போய் ஒரு தேநீர் குடித்தேன், பன்னிரண்டு ரூபாய். அங்கிருந்து வெண்ணந்தூர் சாலையில் இன்னும் ஐந்து கிலோமீட்டர். இரவு லேசாகத் தூறியிருந்தது. தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 6.50.

மாராயி இல்லை. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கிணற்று மேட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். அவர்தான் கந்தசாமி. வந்த விஷயத்தைச் சொன்னேன்.

“கீரைக்காரப் புள்ளைங்களா? இன்னிக்கு இந்தப் பக்கம் வந்த மாதிரித் தெரியலீங்களே.”

“இங்கேதான் பறிப்பதாகச் சொன்னார்கள். இந்தச் சாலையில் வழி கேட்ட கடையில் சொன்னார்கள், கீரைக் கூடையோடு ஆறரை பஸ் ஏறிவிட்டாராம். தோட்டத்தையாவது பார்க்கலாம் என்று வந்தேன்.”

அவர் வாயைக்கூடக் கொப்பளிக்கவில்லை. மக்காச்சோளத்துக்குள் விறுவிறுவென்று நடந்தார். நானும் பின்னால் போனேன். ஈரமண்ணில் வெறுங்கால் தடம் தெளிவாகத் தெரிந்தது. பாத்தி நெடுகக் கீரைச் செடிகள் நுனி கிள்ளப்பட்டு நின்றன. சில காம்புகளில் இன்னும் சாறு காயவில்லை.

“போச்சுங்க,” என்றார். “நேத்துப் பொழுதோட படைப்புழுவுக்கு மருந்தடிச்சனுங்க. எப்பவும் அவகிட்டச் சொல்லிருவேன். நேத்து மறந்து போச்சு. தூத்தல்ல வாசமும் அடங்கிருச்சு. அவளுக்கு எப்பிடித் தெரியும்?”

மாராயி செல்பேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர். கந்தசாமி அந்த எண்ணுக்கு அடித்தார். கல்லூரியில் படிக்கும் மகள் எடுத்தாள். ஒலிபெருக்கியில் கேட்டது.

“அம்மா போயிட்டாங்களே. ஒரு கட்டு குடுத்துட்டுத்தான் போனாங்க. அடுப்புல வெந்துட்டு இருக்குதுங்க.”

“எறக்கு சாமி! எறக்கிக் குழி தோண்டி ஊத்து. கோழி தின்னுறப் போவுது. கையை நல்லாச் சோப்புப் போட்டுக் கழுவு. வாயில வெச்சயா?”

“இல்லீங்க.”

அவர் கண்ணை மூடித் திறந்தார். “சார், உங்க வண்டியில என்னையக் கூட்டிட்டுப் போவீங்களா? எனக்குச் சேலத்துல சந்து பொந்து தெரியாதுங்க.”

7.05க்குக் கிளம்பினோம். காலையில் நான் வரும்போது எதிரே வந்த டவுன் பஸ் ஒன்றில்தான் மாராயி இருந்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் அதற்கு ஒதுங்கி வழிகூட விட்டிருந்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த கந்தசாமி வழியெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டார்: “கழுவுனாப் போயிருமுங்களா?” எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் சொன்னேன். மூன்றாம் முறை கேட்டபோது வண்டியை விரட்டினேன். நகரத்துக்குள் நுழையும் இடத்தில் லாரிகள் வரிசைகட்டி நின்றதில் ஒன்பது நிமிடம் போனது.

செவ்வாய்ப்பேட்டையில் 7.58. மளிகை மூட்டை இறக்கும் சந்தில் வண்டி நுழையாது. நிறுத்திவிட்டு ஓடினோம். மூடியிருந்த ஒரு துணிக்கடையின் படிக்கட்டில் கூடையோடு மாராயி உட்கார்ந்திருந்தார். மெலிந்த, உயரமான பெண். ஓர் அம்மாளிடம் கட்டை நீட்டிக்கொண்டிருந்தார். கந்தசாமி அதைக் கையிலிருந்து பறித்தார்.

“மருந்தடிச்சது மாராயி! அத்தனையும் மருந்தடிச்சது!”

மாராயி கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் கேட்ட முதல் கேள்வி, “ஊட்டுல?” என்பதுதான். கொட்டியாயிற்று என்றதும் மூச்சு விட்டார். அடுத்து அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. விரல் மடித்துக் கணக்குப் போட்டார்.

“ஊட்டுக்கு எடுத்தது போக முப்பத்தெட்டுக் கட்டு. இங்க இருபத்தொம்பது இருக்குது. மெஸ்ஸுக்கு அஞ்சு. பால்காரம்மா ஊடு, தையக்காரர் ஊடு, மாடி ஊட்டு மருமக, ஆளுக்கு ஒண்ணு. அப்பறம் வண்டியில வந்த ஒருத்தரு. வாங்க.”

மெஸ்ஸில் ஐந்து கட்டும் வாளித் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. தண்ணீரோடு வாங்கிக்கொண்டோம். பால்காரம்மா வாசலில் வைத்தே கொடுத்துவிட்டார். தையல்காரர் வீட்டில் அரிந்து முறத்தில் வைத்திருந்தார்கள். மாடி வீட்டில்தான் தகராறு. கீரை வாணலியில் பாதி வெந்திருந்தது. மருமகள் நம்பவில்லை.

“நாலு தண்ணி கழுவிட்டேன். சும்மா பயமுறுத்தாதீங்க. வீட்ல எல்லாரும் சாப்பிட்டு வேலைக்குப் போகணும்.”

“கண்ணு, தெரிஞ்சே குடுக்கலை. தெரிஞ்ச பெறகு உட முடியாது,” என்றார் மாராயி. அந்தப் பெண் வாயெடுக்குமுன் முந்தானையால் வாணலியைப் பிடித்து இறக்கி, மெஸ்ஸில் வாங்கி வந்த வாளியில் கவிழ்த்தார். கை சுட்டிருக்க வேண்டும். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு கட்டு மட்டும் மீதம். வண்டிக்காரர். நீல நிற வண்டி, காதோரம் நரை, வாரம் ஒருமுறை வருவார், பெயரோ வீடோ தெரியாது. பதினோரு மணி வரை அந்த வட்டாரத்து டீக்கடைகளிலும் பெட்ரோல் பங்கிலும் விசாரித்தோம். தெரியவில்லை. சேகரித்த கீரை முழுவதையும் கந்தசாமி சாக்கில் கட்டிக்கொண்டார், தோட்டத்திலேயே ஆழமாகப் புதைப்பதற்கு.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, என் பட்டிமன்றத்தைக் கூச்சத்தோடு மாராயியிடம் சொன்னேன். உழவே இல்லாமல் உங்களைப் போல எல்லோரும் பறித்துத் தின்று வாழ்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமா?

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏனுங்க, உழாத மண்ணுல இந்தக் கீரை ஏது? ஏரு ஓட்டித் தண்ணி உட்டாத்தான் மொளைக்கும். கரட்டுல போயித் தேடுனா முள்ளுதான் கெடைக்கும். அவரு மறந்தது தப்பு. அதுக்காவ அவரு வெள்ளாமையே வேண்டாம்னா, எங்கூட்டு அடுப்புல என்ன வேவும்?”

கந்தசாமி சாக்கின் வாயை இன்னொரு முறை இறுக்கிக் கட்டினார்.

வியாழக்கிழமை மாலை கந்தசாமி தொலைபேசியில் அழைத்தார். ஞாயிறு முதல் புதன் வரை நான்கு நாளும் மாராயி கீரை பறிக்கவில்லை. ஆனால் தினமும் வெறுங்கையோடு அதே படிக்கட்டில் போய் உட்கார்ந்திருக்கிறார். புதன் காலை நீல வண்டிக்காரர் வந்தார். சனிக்கிழமை இரவு அவர் மனைவிக்கு ஓயாத வாந்தி. ஒரு நாள் மருத்துவமனையில் வைத்திருந்து, தேறி வீட்டுக்கு வந்துவிட்டாராம். முந்தின நாள் கடையில் வாங்கிய பரோட்டாதான் காரணம் என்று அவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். மாராயி, “பரோட்டா இல்லீங்க, என் கீரை,” என்று சொல்லிவிட்டார். அந்த மனிதர் நடுச்சந்தில் வாய்க்கு வந்தபடி ஏசினாராம். மாராயி நின்று கேட்டுக்கொண்டார். மறுநாள் கந்தசாமியும் அவரோடு அந்த வீட்டுக்குப் போய், மறந்தது நான் என்று சொல்லிவிட்டு வந்தார்.

நான் பட்டிமன்றத்தில் பேசவில்லை. பயந்து அல்ல. வரலாற்றை இரண்டாக வெட்டி, பொறுக்கித் தின்றவன் இந்தப் பக்கம், உழுதவன் அந்தப் பக்கம் என்று நிறுத்த இனி எனக்கு வாய் வராது. இருவரும் ஒரே பாத்தியில் நின்றதைப் பார்த்துவிட்டேன். உழவு பசியை ஆற்றியது உண்மை. அதே வயலில் நஞ்சு தெளிக்கவும் வைத்தது, அதுவும் உண்மை. எடை போட்டால் லாபம் என்றே இன்று சொல்வேன். ஆனால் அந்த லாபத்தில் பங்கில்லாமல் அதன் நஞ்சை மட்டும் முதலில் தொடுகிறவர்கள் இருக்கிறார்கள். தராசுத் தட்டில் அவர்களையும் ஏற்றி வைத்துவிட்டுத்தான் எடை போட வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு: சேலம் பழைய பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டையாம்பட்டிக்கு அடிக்கடி டவுன் பஸ் உண்டு, பெண்களுக்குக் கட்டணமில்லை. சொந்த வண்டி என்றால் போக வர நூற்றைம்பது ரூபாய் பெட்ரோல் போதும். கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்குமுன் போனால்தான் கீரை பறிப்பவர்களைப் பார்க்கலாம். தோட்டக்காரரிடம் கேட்காமல் பாத்திக்குள் இறங்காதீர்கள், ஓர் இலையைக்கூட வாயில் வைக்காதீர்கள். மாராயி மறுபடி செவ்வாய்ப்பேட்டையில் விற்கிறார். விலை கேட்டால், எந்தத் தோட்டம், கடைசியாக என்றைக்கு மருந்தடித்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் விலைக்கு வருவார். அவசரமாக இருந்தாலும் முழுவதையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.