பொழுதோடு சாப்பிடும் பறவை

என் மேசையில் விடைத்தாள்களின் மேல் ஒரு கல் இருக்கிறது. முட்டை வடிவம், பழுப்பு நிறம், கை பட்டுப் பட்டு ஒரு பக்கம் மட்டும் வழவழத்துப் போனது. வீட்டுக்கு வரும் சக ஆசிரியைகள் ஆற்றுக் கல்லா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். அது ஒரு பறவையின் முட்டை என்று சொன்னால், விலங்கியல் நடத்துகிறவளுக்கு என்ன ஆயிற்று என்று கவலைப்படுவார்கள்.

செஞ்சி கடைத்தெருவில் எங்கள் மளிகைக் கடை. பொட்டலம் மடிக்கும் காகிதங்கள் பறக்காமல் இருக்க நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா அவற்றின் மேல் வைத்திருந்த கல் அது. அதை முட்டையாக்கியவன் என் அண்ணன். கோட்டை மலைகளில் யாரோ கொட்டிக் குவித்த மாதிரி பாறைக்கு மேல் பாறையாகக் கிடக்கும் அல்லவா, இவனுக்கு அது கூடு. மனிதர்களே இல்லாத காலத்தில் ஒரு பெரிய பறவை அந்தப் பாறைகளைக் குவித்து முட்டையிட்டதாம். எல்லாம் பொரிந்து போக, ஒன்று மட்டும் உருண்டு எங்கள் கடைக்கு வந்து சேர்ந்ததாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. "அவ்ளோ பெரிய பறவை எப்டிப் பறக்கும்? முடியாது" என்றேன். அன்று அவன் வாயே திறக்கவில்லை. மறுநாள் பள்ளிக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "உச்சிலேர்ந்து குதிக்கும். காத்து தூக்கிக்கும்" என்றான். திரும்ப எப்படி மேலே போகும் என்று விடாமல் கேட்டேன். அதற்கும் ஒரு நாள் கழித்துத்தான் சொன்னான். "நாம எப்டிப் போறோம்? நடந்துதான."

அப்படித் தொடங்கிய விளையாட்டு. குறை சொல்வது என் வேலை, சரி செய்வது அவன் வேலை. சரி செய்ய முடியாத குறை ஒன்றை நான் சொல்லிவிட்டால் அந்தப் பறவை இருந்ததே இல்லை என்று ஆகிவிடும். அவன் எதற்கும் உடனே பதில் சொன்னதில்லை. ஒரு நாள் எடுப்பான், இரண்டு நாள் எடுப்பான். மறந்துவிட்டான் என்று நான் நினைக்கும் நேரத்தில் வந்து சொல்வான்.

நாங்கள் சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு தூங்கும்வரை வழக்காடுவதைத் தவிர எங்களுக்கு வேலை கிடையாது. ஒருநாள் அண்ணன் பறவைக்கு வளைந்த அலகும் நீண்ட நகமும் வைத்து அளந்துகொண்டிருந்தான். நைனா குறுக்கே வந்தார். "இன்னா வேணா வெச்சிக்க. உசுரக் கொன்னு துன்னக் கூடாது. நம்ம வூட்டுப் பறவை." அடுப்படியிலிருந்து அம்மா, "பொழுதோட சாப்ட்டுடணும், அதையும் சேத்துக்க" என்றாள். எந்த வீட்டிலும் ஒரு பறவைக்கு இத்தனை கட்டுப்பாடு போட்டிருக்க மாட்டார்கள். நான் விடுவேனா? கொல்லாத பறவைக்கு அவ்வளவு பெரிய அலகு எதற்கு என்று பிடித்துக்கொண்டேன். மறுநாள் சாயங்காலம் பதில் வந்தது. "விளாங்காய் ஒடைக்க."

நைனா போன பிறகு அண்ணன் கடையில் உட்கார்ந்தான். நான் படித்து, வேலை கிடைத்து, கல்யாணமாகி திண்டிவனத்துக்கு வந்தேன். பொழுதோடு சாப்பிடும் வழக்கம் பள்ளியிலும் டியூஷனிலும் அடிபட்டு எனக்கு விட்டுப்போயிற்று. பறவை மட்டும் விட்டுப்போகவில்லை. படிக்கப் படிக்க என் குறைகளும் கூர்மையாயின. எலும்பின் எடை, நெஞ்சுத் தசை, இதயத்தின் அளவு என்று போனில் அடுக்குவேன். "இரு, கடையில ஆள் இருக்குது" என்று வைத்துவிடுவான். இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் அவன் குரல் வரும், பின்னால் யாரோ துவரம்பருப்பு கேட்கிற சத்தத்தோடு. ஒருமுறை, இனி அவனால் எழுந்திருக்கவே முடியாது என்று நினைத்து ஒன்றைச் சொன்னேன். செஞ்சிப் பாறையெல்லாம் பூமிக்குள் உருகிக் கிடந்து இறுகியவை, அதற்குள் எந்த எலும்பும் கிடைக்காது என்றேன். அதற்கு மட்டும் உடனே பதில் சொன்னான். "அப்போ இல்லேன்னும் உன்னால காட்ட ஆவாதுல்ல?" அந்தச் சந்தோஷத்தில் யாருக்கோ சர்க்கரையைக் கூடுதலாகவே போட்டுக் கொடுத்திருப்பான்.

எனக்கு வாய் ஜாஸ்தி. பள்ளியிலும் வீட்டிலும் நான் "முடியாது" என்று ஆரம்பித்தால் ஆளுக்கொரு பக்கம் நழுவிவிடுவார்கள். என் முடியாதுகளைக் கேட்டுக் கோபப்படாமல், போய் யோசித்துவிட்டுத் திரும்பி வந்த ஒரே ஆள் என் அண்ணன்தான்.

போன மார்கழியில் அவனுக்கு நுரையீரலில் புற்று முற்றிவிட்டது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் லீவு போட்டுவிட்டு செஞ்சிக்குப் போனேன். ஜன்னலோரம் கட்டிலைப் போட்டிருந்தாள் அண்ணி. அங்கிருந்து மலை தெரியும். பேச்சு அவனுக்குத் துண்டுதுண்டாகத்தான் வந்தது.

"பாப்பா, இன்னிக்கு நான் கொறை சொல்றேன். நீ சரி பண்ணு" என்றான். "அதுக்கு ஜோடி உண்டுல்ல. ஒண்ணு கூப்புடும், ஒண்ணு பதில் குடுக்கும். அதுல ஒண்ணு போயிடுது. மிச்சம் இருக்குறது இருக்க முடியுமா?"

அண்ணி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்த சொல்லை விழுங்கிவிட்டு, "முடியும்" என்றேன்.

"சும்மா முடியும்னா ஒத்துக்க மாட்டேன். எப்டின்னு சொல்லணும்."

"அது எப்பவும் போலக் கூப்புடும்ணா. பதிலுக்குக் காத்துட்டிருக்கும்."

"எவ்ளோ நேரம்?"

"மத்தது பதில் சொல்ல எவ்ளோ நேரம் எடுத்துக்குமோ, அவ்ளோ நேரம்."

அவனுக்குச் சிரிப்பு வந்து, அது இருமலாகி, அடங்க வெகு நேரமாயிற்று. "நான் ரெண்டு நாள் எடுத்துப்பேன். அது பட்டினி கெடந்து செத்துடும். முடியாது பாப்பா."

அவன் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டது அன்றுதான். இத்தனை வருஷம் குறை மட்டுமே சொல்லிப் பழகியவளுக்குச் சரி செய்யத் தெரியவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் மலையைப் பார்த்தபடி படுத்திருந்தான். சாயங்கால வெயில் பாறைகளின் உச்சிக்கு ஏறியபோது என் பக்கம் திரும்பினான்.

"அம்மா சொன்னத மறந்துட்டியா? பொழுதோட சாப்ட்டுடணும். அதுவரைக்கும் காத்துட்டிருக்கட்டும். அப்புறம் போய்ச் சாப்புடட்டும். அப்டின்னா இருக்கலாம்."

குறை சொல்ல வந்தவன்தான். அதைச் சரி செய்யாமல் விட்டுவிட்டுப் போக அவனுக்கு மனம் வரவில்லை. பொங்கலுக்கு முன்னால் போய்விட்டான்.

கடையை இப்போது அண்ணி பார்த்துக்கொள்கிறாள். எல்லாம் பாக்கெட்டில் வருகிறது, பில் போட மிஷின் இருக்கிறது, பொட்டலக் காகிதமே கிடையாது. "இது உனக்குத்தான்" என்று கல்லை என் பையில் வைத்து அனுப்பினாள்.

இன்று விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும்போது புதிதாக ஒரு குறை தோன்றியது. ஓடு இவ்வளவு கெட்டியாக இருந்தால் குஞ்சு எப்படி உடைத்துக்கொண்டு வெளியே வரும்? நல்ல குறை. அவனை இரண்டு நாளாவது அலைக்கழித்திருக்கும். கல்லைப் பார்த்து, "அண்ணா, இதுக்கு இன்னா சொல்ற?" என்று வாய்விட்டே கேட்டேன். பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டு மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். பள்ளி பஸ் வந்து நின்று போனது. ஜன்னல் கம்பிகளின் நிழல் சுவரில் ஏறி, வெளிறி, மறையத் தொடங்கியது.

வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. எழுந்து போய்த் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.