ஏகாம்பரம் பொட்டு வைத்த ரவுட்டர்

1. டிபன் பையில் ஒரு டூல்

நெட்வொர்க் லைனுக்கு நான் வந்தபோது நாற்பது வயதைத் தாண்டியிருந்தேன். அதற்கு முன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். கொஞ்ச நாள் வீட்டில் சும்மா உட்கார்ந்து எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். பிறகு மச்சினன் சொல்லி ஆவடியில் ஒரு சின்ன சர்வீஸ் கம்பெனியில் சேர்ந்தேன். முதலாளிக்கு என் வயதில் பாதிதான் இருக்கும்.

"அங்கிள், டை கட்டிக்கிட்டு வாங்க. அப்பத்தான் கஸ்டமர் மதிப்பாங்க" என்றார் அவர்.

கட்டினேன். கண்ணாடியில் பார்த்தால் கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்க நிறுத்தியவன் மாதிரி இருந்தேன்.

வேலை என்னவோ கேபிள் நுனியில் ஆர்.ஜே. 45 கனெக்டர் போடுவதுதான். பார்க்க டெலிபோன் பிளக் மாதிரி, அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதன் மேல் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் நாக்கு. அதுதான் லாக். கம்பெனிக்குள் லைன் வந்து சேரும் பெட்டிக்கு ரவுட்டர் என்று பெயர். அதன் போர்ட்டில், அதாவது துளையில், சொருகினால் 'டிக்' என்று மாட்டிக்கொள்ளும். கழற்றும்போது அதை அமுக்கிக்கொண்டு இழுக்க வேண்டும். அமுக்காமல் இழுத்தால் ஒடிந்துவிடும். ஒடிந்ததை ஒட்டவைக்க முடியாது. நுனியை வெட்டிவிட்டு, உள்ளே இருக்கும் எட்டு ஒயரையும் நிற வரிசைப்படி அடுக்கி, புது கனெக்டரில் நுழைத்து, கிரிம்பிங் டூலில் வைத்து அழுத்த வேண்டும். இரும்பைப் பிடித்துப் பழகிய விரலுக்கு அந்த ஒயர் அகப்படவே அகப்படாது. ஆரம்பத்தில் நான் பாழாக்கிய கனெக்டர்களை முதலாளி பார்க்காமல் பாக்கெட்டில் போட்டுக்கொள்வேன்.

டூலை டிபன் பையில் மறைத்துத்தான் கொண்டுபோவேன். காரணம் ஏகாம்பரம். ஐ.டி.ஐ.யில் என்னோடு படித்தவன், பழைய கம்பெனியில் எனக்குப் பக்கத்து லேத். கம்பெனி மூடியதும் எஸ்டேட்டிலேயே தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் சேர்ந்துவிட்டான். ஒருநாள் கொரட்டூர் ஸ்டேஷனில் என் டையைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான்.

"டேய் பெருமாளு! இன்னா மாமே, டையெல்லாம் கட்டிகினு! எங்க கீற இப்போ?"

"கம்ப்யூட்டர் லைன்ல கீறேன்டா. ஆபீசர் போஸ்ட்டு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. வாய் முந்திக்கொண்டது. அவனுக்கோ தலைகால் புரியவில்லை. "நம்ம லேத்துலேர்ந்து ஒர்த்தன் மேல போய்ட்டான்பா" என்று பிளாட்பாரத்தில் முறுக்கு விற்றவரிடம்கூடச் சொன்னான். மறுநாளிலிருந்து நான் கடைசிப் பெட்டியில் ஏற ஆரம்பித்தேன்.

2. பிரஸ் ஓடினால் லிங்க் போகும்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து எஸ்டேட் திறந்த அன்று காலையிலேயே ஒரு கம்பெனியிலிருந்து போன். ஹெட் ஆபீஸோடு இருக்கும் கம்ப்யூட்டர் லிங்க் வருகிறதாம், போகிறதாம். "நீங்களே தனியாப் போய்ப் பாத்துட்டு வாங்க அங்கிள்" என்றார் முதலாளி. கேட்டில் பெயர்ப் பலகையைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்று நின்றேன். ஏகாம்பரம் வேலை செய்யும் கம்பெனி.

தலையைக் குனிந்துகொண்டு கம்ப்யூட்டர் ரூமுக்குள் நுழைந்தேன். மேனேஜர் என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார்.

"ஹெட் ஆபீஸுக்கு ஒரு இன்வாய்ஸ் போக மாட்டேங்குது சார். வாசல்ல லாரி நிக்குது. சீக்கிரம் பாருங்க."

ரவுட்டரும், கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஹப்பும் ஒரு ரேக்கில் சுவரை ஒட்டி இருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் பிரஸ். அது ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ரேக் லேசாக அதிர்ந்தது. ரவுட்டர் நெற்றியில் யாரோ சந்தனமும் குங்குமமும் அளவெடுத்தது போல வைத்திருந்தார்கள். மேலே ஒரு முழம் கதம்பம். தூசு தும்பு கிடையாது. ஒரு கேபிளைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. அடுத்ததும் அப்படித்தான். ஒன்றில்கூட லாக் இல்லை.

"பூஜைக்கு யாராவது இதையெல்லாம் கழட்டித் துடைச்சீங்களா சார்?"

"ஆமா. ஷாப்லேர்ந்து ஒருத்தன் ஆசையா வந்து துடைச்சுக் குடுத்தான். ஏன்?"

"லாக்கெல்லாம் ஒடிஞ்சிருக்கு. பிரஸ் அதிர்ற அதிர்ச்சியில பிளக்கு தானா நழுவுது. பிரஸ்ஸைக் கொஞ்சம் நிறுத்தி ஓட்டினா உறுதியாத் தெரிஞ்சுடும்."

சொன்ன பிறகுதான், பிரஸ் ஓட்டுகிறவன் ஏகாம்பரமாக இருக்கலாம் என்று உறைத்தது. "வேணாம் சார், தேவையில்ல" என்பதற்குள், மேனேஜர் பிரஸ் ஆபரேட்டரைக் கூப்பிட ஆள் அனுப்பிவிட்டார்.

ரேக்கின் பக்கவாட்டில் மறைந்துகொள்ளலாம் என்று தரையில் படுத்தேன். டை தொந்தரவு செய்தது, தூக்கி முதுகுப் பக்கம் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் டிபன் பை திறந்து கிடந்தது. தயிர்சாத டப்பாவை ஒட்டிக் கனெக்டர் பாக்கெட். தலையைத் தூக்கினால் வாசலில் ஏகாம்பரம். என்னைப் பார்த்தான், கையிலிருந்த டூலைப் பார்த்தான், பையைப் பார்த்தான்.

"வணக்கம் சார்" என்றான்.

இருபது வருஷமாக என்னை மாமே என்று கூப்பிட்டவன். மேனேஜர் முன்னால் என் மானத்தைக் காப்பாற்றுகிறான் என்று புரிந்தது. அப்படியே தரைக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

3. வேறு ஊரில் இருக்கும் நண்பன்

போய்ப் பிரஸ்ஸை நிறுத்தினான், ஓட்டினான். ஓடியபோது பிளக் ஒன்று என் கண்ணெதிரே நகர்ந்து வெளியே வந்தது, லிங்க் விளக்கு அணைந்தது. சந்தேகமே இல்லை. அவன் திரும்பி வந்ததும் மேனேஜர் பிடித்துக்கொண்டார்.

"துடைச்சது நீதானேய்யா?"

"நான்தான் சார்."

"இது என்ன உன் பிரஸ்ஸா, பிடிச்சு இழுக்க? சார் மாதிரி படிச்சவங்க தொடுற பொருள். உன்னை யாரு கை வைக்கச் சொன்னா?"

ஏகாம்பரம் என் பக்கம் திரும்பவே இல்லை. "நம்ம ஃப்ரெண்டு ஒர்த்தன் இந்த லைன்ல பெரிய ஆபீசரா கீறான் சார். அவன் பொயப்பு இந்தப் பொட்டிலதானேன்னு, நானே நல்லா தொடச்சி பொட்டு வச்சேன்."

"எந்த ஃப்ரெண்டு? அவரைக் கேட்டுட்டாவது செஞ்சிருக்கலாம்ல?"

"அவன் இங்க இல்ல சார். வேற ஊர்ல கீறான்."

நுனியை வெட்டிய கேபிளின் எட்டு ஒயரும் என் கையில் விரிந்திருந்தன. கண் கலங்கியதில் எது பச்சை, எது நீலம் என்று தெரியவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் தப்பித்துவிடலாம். அவன் திட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவான். அவ்வளவுதான்.

"சார், அந்த ஃப்ரெண்டு நான்தான்" என்றேன். "நான் ஆபீசர் இல்ல. பிளக் மாட்டுறவன். இவனும் நானும் ஒண்ணாப் படிச்சு, பக்கத்துப் பக்கத்து லேத்துல நின்னவங்க. இதை அமுக்கி இழுக்கணும்னு வேலைல சேர்ற வரைக்கும் எனக்கே தெரியாது. நானும் நெறைய ஒடிச்சிருக்கேன்."

மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "சரி சரி, சீக்கிரம் மாத்துங்க" என்று சொல்லிவிட்டு லாரிக்காரனைச் சமாதானப்படுத்தப் போய்விட்டார். நான் அத்தனை நாள் ஒளித்துவைத்த விஷயம் அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

ஏகாம்பரத்துக்கு அப்படி இல்லை.

"இன்னாத்துக்குப் பொய் சொன்ன?" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. "எங்க ஊட்டாண்ட எல்லார் கைலயும் சொல்லிக்கீறேன். பையன் கைல, பெருமாள் மாமா மாதிரி படிச்சி மேல வாடான்னு தெனம் சொல்றேன். இப்போ அவன்கைல இன்னா சொல்றது?"

குனிந்து ஒயரை அடுக்கினேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடித்தான். ஒவ்வொரு கனெக்டரும் 'டிக்' என்று மாட்டும்போது அவனும் ஒருமுறை இழுத்துப் பார்த்தான். பிரஸ் மறுபடி ஓடியது, லிங்க் அசையவில்லை. போகும்போது அவன் சார் என்றும் சொல்லவில்லை, மாமே என்றும் சொல்லவில்லை.

4. புதிதாக வருகிறவர்களுக்கு

பிறகு பல வருஷம் இதே வேலைதான் செய்தேன். சேருகிற பிள்ளைகளிடம் முதலில் சொல்வது, லாக்கை அமுக்கிவிட்டு இழு என்பது. அடுத்து, ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கஸ்டமருக்கு போன் போட்டு, ரவுட்டரை மேலாகத் துடைத்தால் போதும் என்று சொல்லிவிடு என்பது. மூன்றாவது, என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் அதை அப்படியே சொல். கூட்டிச் சொன்னால், உன்னை நம்பியவன் அதைத் தன் வீடுவரை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

அந்தச் சம்பவத்துக்கு மறுநாள் டை கட்டாமல், டூலைக் கையிலேயே பிடித்துக்கொண்டு கொரட்டூரில் அவன் வழக்கமாக ஏறும் பெட்டியில் ஏறினேன். ஏகாம்பரம் ஜன்னலோரம் இருந்தான். என்னைப் பார்த்துவிட்டு வெளியே பார்த்தான். ரயில் கிளம்பிய பிறகு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். டூலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அந்த ஒயரு கலரு வரிசையா இன்னா? பையன் கேட்டா சொல்லணும்."

"ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை..."

பட்டரவாக்கம் வந்துவிட்டது. எழுந்து கதவுப் பக்கம் போனவன் அங்கிருந்தே திரும்பிக் கேட்டான்.

"கடசில பிரவுனா மாமே?"

"பிரவுன்தான்டா!" என்று கதவுவரை கேட்கிற மாதிரி கத்தினேன்.