கூரைக்கு ஆள் விசாரித்த கதை

அன்று மாலை நான்கு இருபதுக்கு என் மகள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "நாலு மணிக்குக் கேட்ட டீ. இப்ப மணி என்னன்னு பாரும்மா" என்று அவள் சண்டைக்கு வந்ததால்தான் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். தம்ளரை அவள் கையில் கொடுக்கவும் மேலே லாரி மோதியது போல ஒரு சத்தம். வெளியே காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. மாடி அறைக்குப் போட்டிருந்த தகரக் கூரை பெயர்ந்து, பறந்து, பக்கத்து வயலில் போய் விழுந்தது.

ஏறிப் போய்ப் பார்த்தேன். மகளின் மேசைக்கு மேலே வானம். ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகம் மழையில் ஊறிக்கொண்டிருந்தது. அவள் உட்காரும் நாற்காலியின் குறுக்கே, கூரையைத் தாங்கியிருந்த இரும்புக் குழாய் ஒன்று கிடந்தது. நாலு மணிக்கே டீ போட்டிருந்தால் குடித்துவிட்டு மறுபடி மேலே போயிருப்பாள். இன்றைக்கும் டீத்தூள் டப்பாவைத் திறக்கும்போது நான் முதலில் கடிகாரத்தைத்தான் பார்க்கிறேன். அவளோ, "சோம்பேறித்தனத்துக்கு விருது கொடுக்கணும்னா ஒனக்குத்தாம்மா" என்று சிரிக்கிறாள்.

மறுநாள் வயலில் கிடந்த தகரத்தைத் திருப்பிப் பார்த்தேன். நாலு ஸ்க்ரூ முடுக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. அந்தக் கூரையைப் போட்டவரை, மின்கம்பத்தில் கட்டியிருந்த விளம்பரத் தட்டியில் நம்பரைப் பார்த்து நாங்களே கூப்பிட்டதுதான். எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. இப்போது அந்த நம்பருக்கு அடித்தால் உபயோகத்தில் இல்லை என்கிறது.

துபாயில் இருக்கும் என் கணவர், "யாரையாச்சும் பிடிச்சு சீக்கிரம் போட்டுரு" என்றார். யாரையாச்சும் பிடித்ததால்தானே இந்தக் கதி? இந்த முறை தீர விசாரிக்காமல் ஒரு தகரம்கூட மேலே ஏறக்கூடாது என்று முடிவு செய்தேன்.

அலுவலகத்தில் ஒருவர் விராலிமலைப் பக்கத்து ஆள் ஒருவரைச் சொன்னார். வந்து அளவெடுத்தார். முப்பது வயதிருக்கும். "முடிச்சிரலாங்கக்கா" என்பதைத் தவிர அதிகம் பேசவில்லை. முன்பு கூரை போட்டுக் கொடுத்த வீடுகளைக் கேட்டேன். ஒரு விலாசம் கொடுத்தார்.

கீரனூர் ரோட்டில் இருந்த அந்த வீட்டுக்கு ஸ்கூட்டியில் போனேன். வாசலில் பெரிய மாமரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. கூரை அப்படியே இருந்தது.

"மரம் போச்சு, தகர சீட்டு நிக்கிது, பாத்துக்கங்க" என்றார் வீட்டுக்காரர். "ஆனா ஒண்ணுங்க. திங்கக்கெழமை வாரேன்னா ஆளு வியாழக்கெழமைதான் வருவாரு. எந்த வாரத்து வியாழக்கெழமைன்னு கேக்கக் கூடாது."

எனக்கு அப்போதும் மனம் ஆறவில்லை. நல்லபடியாக நிற்கிற வீட்டைத்தானே காட்டுவார்? அதனால் அடுத்த சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் அவர் ஊருக்கே போனேன். டீக்கடையில் அவர் பேரைச் சொல்லி விசாரித்தேன். என்ன விஷயம் என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால் ஊர்க்காரர்கள் விட்டுக் கொடுக்காமல் பேசுவார்கள் என்று என் கணக்கு.

"தண்ணி போடுவாரா?"

"தீவாளிக்குக் கூடத் தொட மாட்டான்."

"கோவக்காரரா? வம்பு வழக்கு ஏதாச்சும்?"

"எறும்புக்குக் கூட ஒதுங்கி வழி விடுற பயங்க."

"சொன்ன சொல்லுக்கு நிப்பாரா? வீடு சொந்தந்தானா?"

வீடு மட்டும் எதற்குக் கேட்டேன் என்றால், சொந்த வீடு இருந்தால் ஓடிப்போக மாட்டாரே என்றுதான். கடைக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளேயிருந்து நாற்காலி எடுத்துப் போட்டார். இன்னொரு டீ வந்தது, ஏலக்காயோடு. "அம்மாவுக்கு எந்தூரு? எத்தனை புள்ளைங்க?" என்றார். ஒரே மகள் என்றேன். ஊரையும் தெருவையும் சொன்னேன். எவ்வளவு பண்பான ஊர் என்று வியந்தபடி வீடு திரும்பினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. அறுபதை நெருங்கும் ஒரு அம்மா, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு இறங்கினார். கூரை போடுகிறவரின் தாயாராம்.

"என் மவனைப் பத்தி எங்க ஊரு டீக்கடையில விசாரிச்சது நீங்கதானே? பொண்ணு எங்க?"

எந்தப் பொண்ணு என்று கேட்க வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து என் மகள் இரட்டைச் சடையும் வாய் நிறைய பற்பசையுமாக வந்து நின்றாள். அந்த அம்மா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாழைப்பழத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இதா? இது பள்ளிக்கூடத்துப் புள்ளையில்ல? படிக்கிற புள்ளையை வச்சுக்கிட்டு மாப்பிள்ள தேடுறியே, ஒனக்கு வெக்கமா இல்ல?"

"ஐயோ, கல்யாணத்துக்கு இல்லைங்க! கூரைக்கு! மாடிக்கு சீட்டுப் போடத்தாங்க விசாரிச்சேன்!"

என் மகள் பற்பசையைத் துப்ப ஓடினாள். குளியலறையிலிருந்து அவள் சிரிப்பு நிற்கவேயில்லை. நான் அந்த அம்மாவை மாடிக்கு அழைத்துப் போய், அந்த நாற்காலியையும் குழாயையும் காட்டினேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு வாழைப்பழத்தை என் கையில் கொடுத்தார்.

"இதுக்கு எதுக்கு ஆத்தா டீக்கடைக்குப் போன? நேரா என் வீட்டுக்கு வந்திருக்கலாம்ல? காத்தடிச்ச அன்னைக்கு அவன் போட்ட சீட்டுக்கு அடியிலதான் நான் படுத்துக் கெடந்தேன். ஒரு ஸ்க்ரூ அசையலை."

"திங்கக்கெழமை வேலையை ஆரம்பிப்பாராங்க?" என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"எந்தத் திங்கக்கெழமைன்னு கேளும்மா" என்றாள், பின்னால் வந்து நின்ற என் மகள்.

அந்த அம்மா அவள் தலையில் ஒரு குட்டு வைத்தார். "நாளைக்குத்தான்டி. நானே அவனைக் கையோட கூட்டிக்கிட்டு வாரேன்."