அடைகல் மேல் நாலு சோளம்

உலகத்தில் இதுவரை அடிபட்ட இரும்பில் சரிபாதி, எங்கள் சங்கரம்மாள் அத்தையின் கையால்தான் அடிபட்டது. மிச்சப் பாதி, அத்தை எப்போது கூப்பிடுவாள் என்று மண்ணுக்குள் காத்துக் கிடக்கிறது. காலையில் சூரியன் மேலே வருவதே அத்தை அதைக் குறட்டால் பிடித்துத் தூக்கி வைப்பதால்தான். ஒருநாள் அவள் காய்ச்சல் என்று படுத்துவிட்டால் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் விடியாது. கரண்டு ஆபீசில் போய்த்தான் விசாரிக்க வேண்டும். இதை நம்பாதவர்கள் எங்கள் ஊர் விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி அவளிடமே கேட்டுக்கொள்ளலாம். ஒன்று மட்டும். கிட்டப் போய், முகத்துக்கு நேரே நின்று கேட்க வேண்டும்.

ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

அத்தை அடிப்பது அடைகல். காய்ச்சிய இரும்பை எதன் மேல் வைத்து அடிக்கிறார்களோ, அந்த இரும்புக் கட்டி. அரிவாள் அடிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அரிவாள் அடிக்கிறவனுக்கு அடைகல் அடித்துக் கொடுக்க ஆள் வேண்டுமே, அதுதான் அத்தை. அதிலும் சின்னக் கல். மேலே உள்ளங்கை அகலத்துக்குச் சதுரமாக ஒரு முகம், கீழே முள்ளங்கி மாதிரி ஒரு வால். வாலை ஒரு மரக்கட்டையில் இறக்கிவிட்டால் வேலைக்குத் தயார். அரிவாள் தட்டித் தீட்டிக் கொடுக்கிறவர்கள் அதை வண்டிக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். நகை வேலைக்காரர்களுக்கு இன்னும் சின்னதாக, கைக்குள் அடங்குகிற மாதிரி. மதுரையிலிருந்து, காரியாபட்டியிலிருந்து, பேர் தெரியாத ஊரிலிருந்தெல்லாம் போன் வரும். போனை எடுத்துப் பேசுவது அவள் வீட்டுக்காரர் மருதுபாண்டி மாமா. அத்தை எடுக்கவே மாட்டாள். பெரிய ஆள், போனெல்லாம் எடுக்க மாட்டாக போல என்று நானே எத்தனையோ நாள் கிண்டல் பண்ணியிருக்கிறேன்.

எங்கள் அம்மாவின் டீக்கடைக்கு எதிர்த்தாற்போல, ரோட்டுக்கு அந்தப் பக்கம், தகரம் போட்ட கொட்டகைதான் அத்தையின் பட்டறை. பத்தாவதோடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் மன்னித்துப் பிரிந்துவிட்ட பிறகு, டீ கிளாஸோடு ரோட்டைத் தாண்டுவதுதான் எனக்கு உத்தியோகம். தாண்டுவதற்குள் வெயிலில் ரோடு தண்ணீர் மாதிரி நெளியும். அந்தப் பக்கம் அத்தையும் மாமாவும் அந்தத் தண்ணீருக்குள் நின்று அடிப்பது போல இருக்கும். சம்மட்டி இறங்குவது முதலில் தெரியும், சத்தம் கொஞ்சம் பிந்தி நடந்து வரும். நான் பல நாள் நடு ரோட்டிலேயே நின்று, சத்தம் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்து லாரிக்காரர்களிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

அத்தை பிறந்தது பாலவனத்தம் பக்கம், கூலி வீட்டில். அவள் அப்பா சீமைக்கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பவர். கரி மூட்டையைத் தலையில் வைத்து ஒரு பட்டறையில் கொண்டுபோய் இறக்குவது அத்தையின் வேலை. ஒருநாள் இறக்கும்போது அங்கே சம்மட்டி அடிக்கிற ஆள் வரவில்லை. உலையில் இரும்பு பழுத்துப்போய்க் கிடக்கிறது. ஆசாரி தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். அத்தை மூட்டையை இறக்கினாள், சும்மாட்டை உதறி இடுப்பில் கட்டினாள், சம்மட்டியை எடுத்தாள். அப்படியே நிலைத்துவிட்டாள். அந்த மூட்டைகளை லாரியில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவர்தான் மருதுபாண்டி மாமா.

"இவ அடிக்கிறதப் பாத்துப் பயந்துபோயித்தான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன். மாட்டேன்னு சொல்லிப்புட்டு உசுரோட இருக்க முடியுமா?" என்பார் மாமா.

இப்போது கொட்டகை அத்தையுடையது. சம்மட்டி மாமாவுடையது. லாரி ஆக்ஸில் துண்டை உலையில் போட்டு, அது கோவைப்பழ நிறம் போய், எலுமிச்சை நிறத்துக்கு வரும்போது அத்தை குறட்டால் எடுத்து வைப்பாள். வலது கையில் சின்னச் சுத்தியல். அதால் ஓரிடத்தில் 'டிங்' என்று தொடுவாள். அந்த இடத்தில் மாமாவின் சம்மட்டி இறங்கும். தள்ளித் தொட்டால் தள்ளி இறங்கும். கல்லின் ஓரத்தில் படுக்க வைத்துத் தட்டினால் நிறுத்து என்று அர்த்தம். வேலை முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். பேசிப் பேசியே சண்டை போடுகிற வீட்டிலிருந்து வருகிற எனக்கு, அது கனவில் நடக்கிற காரியம் மாதிரி இருக்கும். நெருப்புக் கட்டி ஒன்று, யாரும் எதுவும் சொல்லாமலே, மெல்ல மெல்ல முகமும் வாலும் உள்ள ஒரு பிராணியாக மாறும்.

கடைசியில் தண்ணீர் காட்டுவது. முகத்தை மட்டும் திரும்பப் பழுக்கக் காய்ச்சி, சொம்பிலிருந்து நூல் பிடித்த மாதிரி அத்தை தண்ணீர் ஊற்றுவாள். முகம் இறுகிக் கெட்டியாவது அதில்தான். வெடித்துப் போவதும் அதில்தான். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளுக்குள் விரிசல் விழுந்துவிடும். அந்தக் கல்லில் வேலை செய்தால் என்றைக்காவது ஒரு சில்லு தெறித்துக் கண்ணைக் கொண்டுபோய்விடும். அதனால் தண்ணீர் காட்டிய கல்லைச் சாம்பலில் புதைத்துத் தூங்க வைத்து, மறுநாள் எடுத்துக் கட்டையில் இறக்கி, சுத்தியலால் தட்டிப் பார்ப்பாள். நல்ல கல் பாடும். கோயில் மணியை அடித்துவிட்டுக் கை எடுத்த பிறகும் ஒரு ரீங்காரம் இருக்குமே, அப்படி. வெடித்த கல் 'டொக்' என்று உடனே வாயை மூடிக்கொள்ளும். அத்தை "பாடுது" என்று சொன்னால்தான் கல் வெளியே போகும். வாங்குகிறவர்களுக்கும் அந்த ஒரு வார்த்தைதான் வேண்டும்.

தட்டுவதற்கு முன்னால் முகத்தில் நாலு சோளத்தைத் தூவுவாள். தட்டி முடித்ததும் அதை வழித்துக் குருவிக்குப் போட்டுவிடுவாள். முன்பெல்லாம் இது கிடையாது, கொஞ்ச வருஷமாகத்தான். ஏதோ சாமிக்கு நேர்ந்திருக்கிறாள் என்று அம்மா சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இனிமேல் மணி விஷயம். போன சித்திரையில், சைக்கிள் மணியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அத்தைக்குப் பின்னால் போய், அவள் காதோரமாக 'கிணிங் கிணிங்' என்று அடித்தேன். அவள் துள்ளுவாள், குறட்டோடு என்னைத் துரத்துவாள், டீக்கடையில் இருக்கிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள் என்பது கணக்கு. அத்தை திரும்பவில்லை. சாம்பலைக் கிளறிக்கொண்டே இருந்தாள். இன்னும் கிட்டப் போய் அடித்தேன். புங்கை மரத்தில் இருந்த குருவிகள்தான் பறந்தன.

சிரிக்கலாம் என்று வாயைத் திறந்து வைத்திருந்தேன். அதை மூட மறந்துவிட்டது.

அதற்கப்புறம் கவனித்தேன். பஸ்ஸு ஆரன் அடித்தால் திரும்புவாள். மாமாவின் கட்டைக்குரல் கேட்கும். எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துக்கொள்வாள். மெல்லிசான சத்தங்கள்தான் போய்விட்டன. சைக்கிள் மணி, குருவி, கொலுசு, பால்காரர் கேன் மூடி. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொள்ளாமல் ஊரை விட்டுப் போகிற ஆட்கள் மாதிரி அவளை விட்டுப் போயிருக்கின்றன. அப்படியானால் அடைகல்லின் பாட்டு? அதுவும்தான் போயிருக்க வேண்டும்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூட. சொன்னால் ஒரே பகலில் வீரசோழன் ஊர் வரைக்கும் பரவிவிடும். காது கேட்காதவளின் 'பாடுது'வை யார் நம்பி வாங்குவார்கள்?

ஆகவே அத்தைக்குக் காதாக இருப்பது என்று முடிவு செய்தேன். என் முகத்தை வைத்து. அவள் கல்லைத் தட்டுகிற நேரம் பார்த்து டீயோடு போய் எதிரே நிற்பேன். கல் பாடினால், லாட்டரி விழுந்தவள் மாதிரி பல்லைக் காட்டித் தலையை ஆட்டுவேன். 'டொக்' என்றால் வேப்பங்கொழுந்தை மென்ற மாதிரி முகத்தைச் சுளிப்பேன். அத்தை நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்ப்பாள். அப்புறம் "பாடுது" என்பாள், இல்லையென்றால் கல்லை உலைப்பக்கம் தள்ளுவாள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. என் மூஞ்சியால் உலகத்துக்கு ஒரு உபகாரம் நடக்கிறது என்று எனக்குப் பெருமையான பெருமை.

அப்படியிருக்கும்போதுதான் சோணைமுத்து அண்ணன் வந்தார். அரிவாள் தீட்டுகிறவர். சோள அறுப்புக்கு முன்னால் புதுக் கல் வேண்டும் என்று சொல்லியிருந்தார். டீவிஎஸ்ஸை எங்கள் கடை முன்னால் நிறுத்திவிட்டு, டீயை வாங்கிக்கொண்டு அம்மாவிடம் சன்னமாகக் கேட்டார்.

"ஏக்கா, அவுகளுக்குக் காது மந்தமாமே? போன வாரம் நா பின்னாடி நின்னு கூப்புடுறேன், கூப்புடுறேன், கல்லு மாதிரி நிக்கிறாக."

"வேலையில இருந்துருப்பாக," என்றாள் அம்மா.

"இருக்கும். ஆனாலும் அவுக காத நம்பித்தானக்கா வாங்குறோம். இன்னைக்குப் பாப்போம். கல்லுல கோளாறு இருந்துச்சுன்னா சனங்ககிட்டச் சொல்லத்தான செய்யணும்? அவனவன் கண்ணு முக்கியம்ல."

டீயை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன். மாமா ஆக்ஸில் துண்டு வாங்கிவர டவுனுக்குப் போயிருந்தார். அத்தை தனியாக இருந்தாள். மணிக்கட்டில் புதிதாகத் தீப்பட்ட கொப்புளம், அதில் மஞ்சள். இந்தக் கல்லில் முன்னமே ஒருமுறை ஓரம் சரியில்லை என்று திரும்ப அடித்திருந்தார்கள். சாம்பலுக்குள் கையை விட்டு, தூங்குகிற பிள்ளையை எடுக்கிற மாதிரி கல்லை எடுத்தாள். கட்டையில் இறக்கினாள். சோளம் தூவினாள். தட்டினாள்.

டொக்.

இன்னொரு மூலையில் தட்டினாள். டொக்.

வேப்பங்கொழுந்து முகத்தைக் காட்ட வேண்டிய நேரம். என்னால் முடியவில்லை. அந்தக் கொப்புளத்தைப் பார்த்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த சோணைமுத்துவைப் பார்த்தேன். கல்லில் கோளாறு என்று சொன்னால் இப்போதே அவர் வாய் திறந்துவிடும். கல்லைக் கொடுத்தால் என்றைக்கோ ஒருநாள்தான். அந்த என்றைக்கோவில் ஒருவர் கண் இருக்கிறது என்பது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகமே வரவில்லை. காது வரைக்கும் பல்லைக் காட்டினேன். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினேன்.

"பிரமாதமாப் பாடுதுத்தே!"

அத்தை என் முகத்தைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். திரும்ப என் முகத்தைப் பார்த்தாள். கையை ஆட்டிச் சோணைமுத்துவைக் கூப்பிட்டாள். அவர் ரோட்டைத் தாண்டி வந்தார்.

"சோணை, இந்தக் கல்லு பாடல."

"என்னக்கா சொல்றீக? பாக்கத் தங்கமா இருக்கே!"

"பாத்தாத் தங்கந்தான். வலது மூலையில உள்ளுக்குள்ள விரிசல் விட்டுருக்கு. அதுல வச்சு அடிச்சீன்னா சில்லு ஒன் கண்ணுலதான் வந்து ஒக்காரும். மூலைய வெட்டி எறிஞ்சுட்டுத் திரும்ப அடிக்கணும். கொஞ்சம் சிறுசா வரும், பரவாயில்லயா?"

சோணைமுத்து சுத்தியலை வாங்கி அவரே அந்த மூலையில் ஓங்கி ஒன்று போட்டார். நகத்தளவு சில்லு ஒன்று பறந்து தகரத்தில் 'டங்' என்று பட்டு விழுந்தது. அவர் தன்னை அறியாமல் கையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்.

"ஆத்தாடி! ரெண்டு தட்டுல எந்த மூலைன்னு வரைக்கும் சொல்லிப்புட்டீகளே!" குரல் தாழ்ந்துவிட்டது. "இந்தக் காதப் போயி மந்தம்னு ஒருத்தன் சொன்னான்க்கா. அவன் வாயில மண்ணு விழ."

"எவன் சொன்னது?" என்றாள் அத்தை, அவர் உதட்டையே பார்த்தபடி.

"எவனோ விடுங்க. நீங்க மெதுவா அடிங்க. அறுப்புக்கு நா பழைய கல்ல வச்சு ஓட்டிக்கிறேன். செஞ்சா ஒங்க கல்லுதான்."

டீவிஎஸ்ஸு போகிற சத்தம் ரோட்டில் கரைகிற வரைக்கும் நான் அசையவில்லை. கல் என் பக்கம் முகத்தைக் காட்டி உட்கார்ந்திருந்தது. எப்படித் தெரிந்தது? நான்தான் அவளுக்குக் காது என்றால், காது பொய் சொன்ன பிறகு அவள் எதால் கேட்டாள்? டீ கிளாஸை வைத்துவிட்டுப் பூனை மாதிரி நழுவப் பார்த்தேன்.

"இங்க வா புள்ள."

போனேன். அத்தை, நகை வேலைக்காரருக்கென்று அடித்து முந்தின நாள் தேறிய கல் ஒன்றைக் கட்டையில் இறக்கினாள். நாலு சோளத்தைத் தூவினாள். மெதுவாக ஒரே ஒரு தட்டு. கல் பாடியது. சோளம் எழுந்து ஆடியது. ஒவ்வொரு மணியும் நடுங்கி, நகர்ந்து, சுற்றி, வெயிலில் வெள்ளையாக, பாட்டு நிற்கிற வரைக்கும் நிற்காமல். நான் கேட்டுக்கொண்டிருந்ததை அத்தை பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து, கண்ணை அவ்வளவு கிட்டே வைத்துக்கொண்டு, அவள் கேட்கிறாள் என்றே எனக்குத் தோன்றியது.

அப்புறம் சோணைமுத்துவின் கல்லைப் பக்கத்தில் வைத்துத் தட்டினாள். வலது மூலையில் இருந்த சோளம் சும்மா புரண்டுவிட்டு உட்கார்ந்துகொண்டது.

"அத்தே…" என்றேன்.

"சித்திரையில இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். டீய ஆறப்போட்டுட்டு எதுத்தாப்புல வந்து நின்னு, ஒரு நா இளிக்கிற, ஒரு நா கோணிக்கிற. புள்ளைக்கு ஏதோ வலிப்புன்னு ஒங்க மாமாகிட்டக்கூடச் சொன்னேன். அப்புறம்தான் வெளங்குச்சு. சரி, ஆசையாச் செய்யிது, செய்யட்டும்னு விட்டேன்."

நான் தரையைப் பார்த்தேன். அத்தை கரிக்கையால் என் தாடையைப் பிடித்து, உதடு தெரிகிற மாதிரி நிமிர்த்தினாள்.

"இன்னைக்குச் சோளமே செவனேன்னு ஒக்காந்துருக்கு. ஒன் மூஞ்சி மட்டும் எதுக்குடி அந்த ஆட்டம் ஆடுச்சு?"